பூச்சி வராத மரம்

குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் வாயைத் திறப்பதில்லை என்பது பணி ஓய்வுக்குப் பிறகு நான் எடுத்துக்கொண்ட விரதங்களில் ஒன்று. தை மாதக் கூட்டத்தில் அதை நானே முறித்தேன்.

நங்கநல்லூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் பதினாறு வீடுகள். வாசலில் ஒரு வேப்பமரம். அடுக்ககம் வருவதற்கு முன்பே இருந்த மரம் என்பதால் சுற்றுச்சுவர் அந்த இடத்தில் மட்டும் வயிறு தள்ளியதுபோல வளைந்து போகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது பக்கத்துத் தெருவில் தூங்குமூஞ்சி மரமும் மயில்கொன்றையும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வேம்பு இரண்டு கிளைகளை மட்டும் கொடுத்துவிட்டு நின்றது. அப்படிப்பட்ட மரம் இந்த ஆண்டு மார்கழியில் நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. கொழுந்துகள் தீய்ந்து தொங்கின. யாரோ மேலிருந்து வெந்நீர் ஊற்றியதுபோல மரத்தின் உச்சி முழுவதும் பழுப்பு. பொங்கலுக்குள் பாதி மரம் செத்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"வேப்பிலைதானே பூச்சிக்கு மருந்து? அதையே பூச்சி தின்கிறது என்றால் கலி முற்றிவிட்டது அம்மா" என்றார் எங்கள் காவலாளி. விழுப்புரம் பக்கத்துக்காரர், வேளாண்மை தெரிந்தவர். அவர் சொன்னதில் கலியைத் தவிர மற்றதெல்லாம் சரி.

கூட்டத்தில் செயலாளர் விஷயத்துக்கு நேராக வந்தார். அனுமதி வாங்கி மரத்தை எடுத்துவிடலாம், வேறு கன்று வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், உங்களுக்குத்தான் செடி கொடியெல்லாம் தெரியுமே. பூச்சியே வராத மரமாக ஒன்று சொல்லுங்கள், வைத்துவிடுவோம்" என்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டிகள். தொலைபேசி அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவளுக்குத் தாவரவியல் எங்கிருந்து வரும்? அதைச் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். "அமெரிக்காவில் என் பெண் வீட்டு வாசலில் அப்படி ஒரு மரம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அமெரிக்கா என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று அங்கே அரைகுறையாகச் சொன்னதை நிதானமாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் பெண் சிகாகோவுக்கு மேற்கே, ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். அங்கே வீட்டுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு புல் பட்டை ஓடும். அதில் நகராட்சியே மரம் வைக்கிறது. நான் போயிருந்தது ஜூலை மாதம். பக்கத்து வீட்டு வாசலில் இருந்த லிண்டன் மரத்தின் இலைகளைப் பார்த்து முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. இலை இருந்தது, ஆனால் இலையில் ஒன்றும் இல்லை. நரம்புகள் மட்டும் மிஞ்சி, பழைய கொசுவலைத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டதுபோல இருந்தது. கிட்டப் போனால் ஒவ்வொரு இலையிலும் நான்கைந்து வண்டுகள். தலை பச்சை, முதுகு செம்பு. தேய்த்து வைத்த பாத்திரம்போல மின்னின. ஜப்பானிய வண்டு என்றாள் பெண். 1916-இல் நியூ ஜெர்சியில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டு, அங்கிருந்து நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவிய பூச்சி. ரோஜா, திராட்சை, லிண்டன் என்றால் அதற்கு விருந்து.

பத்தடி தள்ளி என் பெண் வீட்டு வாசலில் நின்ற மரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஓட்டைகள். அவ்வளவுதான். எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கும் கரும்பச்சை இலை. அடிமரம் குறுகி, மேலே விரிந்து, பூங்கொத்தைப் பிடித்த கை மாதிரி ஒரு வடிவம். கன்றில் கட்டியிருந்த அட்டையை அவள் எடுத்து வைத்திருந்தாள். எல்ம், ரகத்தின் பெயர் அக்கோலேட்.

எல்ம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடங்களில் படித்திருக்கிறேன். அங்கே யாராவது ஒருவர் எல்ம் மர நிழலில் உட்கார்ந்துகொண்டே இருப்பார். டீச்சரும் எங்களுக்கு அது ஒரு மரம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அறுபத்திரண்டு வயதில்தான் அதன் கீழே நின்றேன்.

பெண் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடத்தில் லைல் என்ற ஊர். அங்கே மார்ட்டன் ஆர்போரீட்டம் என்ற பெரிய மரத்தோட்டம். 1922-இல் அதை நிறுவிய ஜாய் மார்ட்டன் உப்பு வியாபாரி. அமெரிக்காவில் எந்தக் கடையில் உப்பு டப்பாவைப் பார்த்தாலும் அந்தப் பெயர் இருக்கும். உப்பு தொட்டால் செடி கருகும் என்று வளர்ந்தவள் நான். அந்தக் காசில் இவ்வளவு மரமா என்று மலைத்தேன். அக்கோலேட் ரகத்தின் தாய்மரம் இந்தத் தோட்டத்தில் வளர்ந்ததுதான். 1924-இல் பாஸ்டனில் உள்ள ஆர்னால்டு தோட்டத்திலிருந்து வந்த விதையில் முளைத்தது. ஜப்பானிய எல்முக்கும் சீனத்து வில்சன் எல்முக்கும் தற்செயலாகப் பிறந்த கலப்பு. யாரும் திட்டம் போட்டு உண்டாக்கியதில்லை. பல பத்தாண்டுகள் அது தோட்டத்தில் இன்னொரு மரமாகச் சும்மா நின்றது.

அதன்பேரில் கண்கள் விழக் காரணம், சுற்றியிருந்தவை செத்ததுதான்.

அந்தச் சாவைச் சொல்லாமல் இந்த மரத்தைச் சொல்ல முடியாது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஐரோப்பாவில் எல்ம் மரங்கள் வாடத் தொடங்கின. போரில் வீசிய நச்சுப் புகைதான் காரணம் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். நெதர்லாந்தில் யோஹன்னா வெஸ்டர்டைக் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் பேயா ஸ்வார்ட்ஸ் என்ற மாணவி, காரணம் ஒரு பூஞ்சை என்று கண்டுபிடித்தார். அவர் சொன்னதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே ஆய்வகத்தின் கிறிஸ்டீன் பூயிஸ்மன் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவினார். டச்சுப் பெண்கள் துப்புத் துலக்கியதால் அதற்கு 'டச்சு எல்ம் நோய்' என்று பெயர் வந்துவிட்டது. நோயைக் கண்டுபிடித்த ஊரின் பெயரையே நோய்க்குச் சூட்டுவது என்ன நியாயமோ.

பூஞ்சைக்குக் காலில்லை. அதைச் சுமப்பது பட்டை வண்டு. அரிசி மணி அளவுகூட இல்லாத பூச்சி. சாகும் தறுவாயில் இருக்கும் எல்ம் மரத்தின் பட்டைக்கு அடியில் அது முட்டையிடும். புழுக்கள் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சுரங்கம் தோண்டி வளரும். வளர்ந்த வண்டு வெளியே வரும்போது உடம்பெல்லாம் பூஞ்சை வித்துகள். அது பசியாறப் போவது ஆரோக்கியமான எல்ம் மரத்தின் இளங்கிளைக் கவட்டுக்கு. ஒரு கடியில் வித்து உள்ளே போய்விடும். பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களில் பரவும். அதைத் தடுக்க மரம் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். திருடனைப் பிடிக்க வீட்டைப் பூட்டி, உள்ளே இருப்பவர்கள் தாகத்தால் செத்த கதை. இப்படிச் சாகும் மரத்தின் பட்டையில் அடுத்த தலைமுறை வண்டுகள்.

1930-இல் நோய் அமெரிக்காவில், ஒஹாயோவில் தலைகாட்டியது. அங்கே ஊருக்கு ஊர் தெருவின் இருபுறமும் அமெரிக்க எல்ம்தான். கிளைகள் நடுவில் கூடிப் பந்தல் போட்டிருக்கும். ஒரே மரம் வரிசையாக நின்றதால் வண்டு பறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் பூஞ்சை அந்த வழியாகவும் நடந்தது. இங்கிலாந்தில் 1960-களின் இறுதியில் இன்னும் கொடிய இனம் ஒன்று வந்து, இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மரங்களைக் கொண்டுபோனது. இங்கிலாந்து எல்முக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது. 2004-இல் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அவை அனைத்தும் ஒரே மரத்தின் படிகள் என்று கண்டார்கள். ரோமானியர் திராட்சைக் கொடியைப் படரவிடுவதற்காக வளர்த்த ஒரு மரம், வேர்க்கன்றுகளாகவே இரண்டாயிரம் ஆண்டுகள் பெருகியிருக்கிறது. நாட்டில் கோடிக்கணக்கில் மரம் இருந்தும் உண்மையில் இருந்தது ஒன்று. நமக்கு இது புரியாத விஷயமில்லை. ரஸ்தாளித் தோப்பில் வாடல் நோய் நுழைந்தால் என்ன ஆகும் என்று திருச்சிப் பக்கம் யாரையும் கேட்கலாம்; கிழங்கிலிருந்து கிழங்காக வந்த வாழைக்கு ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகாது.

இதற்கெல்லாம் நடுவில் லைலில் அந்த 1924-ஆம் ஆண்டு மரம் பச்சையாகவே நின்றது. அங்கே பணிபுரிந்த ஜார்ஜ் வேர் என்ற மரவியலாளர் அதைக் கவனித்தார். ஆசியாவின் எல்ம் இனங்கள் பலவற்றுக்கு இந்த நோய் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஜார்ஜ் வேர் அவற்றையும் அவற்றின் கலப்புகளையும் வளர்த்து, பார்த்து, கழித்து, ஐந்து ரகங்களை வெளியே விட்டார். அவற்றில் முதன்மையானது அக்கோலேட்.

வண்டு, நோய் என்று இரண்டையும் ஒன்றாகப் பேசிக்கொண்டு போகிறேன். உண்மையில் அவை வேறு வேறு கணக்கு. எங்கள் செயலாளருக்கு அன்று நான் புரியவைக்கத் தவறியதும் இதைத்தான்.

எல்முக்கு இன்னொரு எதிரி உண்டு, எல்ம் இலை வண்டு. இதுவும் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போனது, 1830-களில். பட்டை வண்டுபோல மறைந்து வேலை செய்யாது. இலையின் அடியில் மஞ்சள் முட்டைகளை வரிசையாக ஒட்டும். புழுக்கள் இலையைச் சுரண்டி நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். வளர்ந்த வண்டு குண்டு துளைத்ததுபோல ஓட்டை போடும். குளிர்காலம் வந்தால் வீட்டுப் பரணிலும் ஜன்னல் இடுக்கிலும் வந்து தூங்கும். ஒரு கோடையில் மொட்டையானால் மரம் மறுபடி துளிர்த்துக்கொள்ளும். தொடர்ந்து சில ஆண்டுகள் ஆனால் இளைத்துப்போகும், இளைத்த மரத்தைத் தேடிப் பட்டை வண்டு வரும்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். சைபீரிய எல்ம் என்று ஒன்று உண்டு. டச்சு எல்ம் நோய் வந்தாலும் அசையாது. ஆனால் இலை வண்டுக்கு அதைப்போலப் பிடித்தமான உணவு வேறில்லை. ஜார்ஜ் வேர் வெளியிட்ட ஐந்தில் வான்கார்டு என்ற ரகத்துக்கு இந்தச் சைபீரிய ரத்தம் உண்டு. நோயைத் தாங்கும், இலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. அக்கோலேட் இரண்டையும் ஓரளவு நன்றாகவே சமாளிக்கிறது. வாஷிங்டனில் உள்ள தேசிய மரத்தோட்டம் 1990-இல் வெளியிட்ட பிராஸ்பெக்டர் என்ற ரகமும் இலை வண்டுக்கு நல்ல எதிர்ப்புள்ளது. ஆக, 'எதிர்ப்புள்ள ரகம்' என்று யாராவது சொன்னால், யாரை எதிர்த்து என்று கேட்க வேண்டும். தேர்தலிலும் அப்படித்தானே கேட்கிறோம்.

ஒரு மரத்தைப் பூச்சி தின்னாது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. பூச்சிக்குச் சாப்பாடு போட்டுத்தான். அதில் இரண்டு பந்தி உண்டு. முதல் பந்தியில் பல ரகங்களின் இலைகளையும் ஒன்றாகப் பரப்பி வண்டுகளை விடுவார்கள். எதை முதலில் தின்கிறது, எதைத் தொடவே இல்லை என்று பார்ப்பார்கள். இரண்டாம் பந்தியில் ஒரே இலை. வேறு வழியில்லை, தின்றால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி. இதுதான் கடினமான தேர்வு. வீட்டில் பாகற்காயை ஒதுக்கும் பிள்ளை விடுதியில் மூன்றாம் நாள் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில்லையா? முதல் பந்தியில் தப்பித்த பல மரங்கள் இரண்டாம் பந்தியில் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு தின்றது என்பதோடு நிறுத்தவும் மாட்டார்கள். எத்தனை நாள் உயிரோடு இருந்தது, எத்தனை முட்டை இட்டது என்றும் எண்ணுவார்கள். தின்றும் முட்டையிட முடியாமல் போனால் மரம் வென்றது என்று கணக்கு.

அதாவது எதிர்ப்புள்ள ரகத்திலும் ஓட்டை இருக்கும். என் பெண் வீட்டு மரத்திலும் இருந்தது. ஓட்டையே விழாத மரம் வேண்டுமென்றால் அலங்காரப் பொருள் கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது, அடுக்ககத்து வரவேற்பறையில் ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கிறோம்.

எதிர்ப்பு என்பது இலையின் கசப்போ தடிப்போ மட்டுமில்லை. ஐரோப்பிய வயல் எல்மில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டது இன்னும் விசித்திரம். இலை வண்டு முட்டையிட்டதும், புழு பொரிந்து தின்னத் தொடங்குவதற்கு முன்பே, இலை ஒரு வாசனையை விடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு எறும்பை விடச் சிறிய குளவி ஒன்று வருகிறது. வந்து அந்த முட்டைகளுக்குள் தன் முட்டையை இடுகிறது. வண்டின் குஞ்சு பொரியாது, குளவியின் குஞ்சு பொரியும். மரம் கூப்பிட்டு ஆள் வருகிறது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். இதைப் படித்த அன்று இரவு மொட்டை மாடிக் கறிவேப்பிலைச் செடியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன்.

கூட்டத்தில் ஒருவர், "அந்த அமெரிக்க மரத்தையே ஒரு கன்று வரவழைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். அக்கோலேட்டை விதை போட்டு வளர்க்க முடியாது. விதையில் தாயின் குணம் அப்படியே வராது. நம் ஊரில் பூவரசையும் ஒதியனையும் போத்து வெட்டி நடுவதுபோல இளங்குச்சியை நட்டு வேர்விட வைக்கிறார்கள். அப்படி வந்த கன்று விமானமேறி இங்கே வந்தாலும், பனியில் இலையுதிர்த்து நான்கு மாதம் உறங்கிப் பழகிய மரம் அது. நங்கநல்லூர் மார்கழியைக் குளிர்காலம் என்று அதற்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

இன்னொன்று, இப்படிக் குச்சியிலிருந்து வருவதால் அக்கோலேட்டும் ஒரே மரத்தின் படிகள்தாம். அமெரிக்கர்களுக்கு இந்தப் பாடம் இரண்டு முறை நடந்தது. எல்ம் செத்த தெருக்களில் பல ஊர்கள் வரிசையாக ஆஷ் மரம் வைத்தன. அது பூச்சி அதிகம் வராத, உறுதியான மரம் என்று பெயர் வாங்கியிருந்தது. 2002-இல் மிச்சிகனில் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு கோடிக்கணக்கில் ஆஷ் மரங்கள் செத்தன. என் பெண்ணின் தெருவில் அக்கோலேட் வைத்த இடமெல்லாம் முன்பு ஆஷ் நின்ற இடம். ஆனால் இந்த முறை நகராட்சி கொஞ்சம் உஷாராகியிருக்கிறது. ஒரு வீட்டுக்கு எல்ம், அடுத்த வீட்டுக்கு ஓக், அதற்கடுத்ததற்கு வேறொன்று. தெரு பார்க்க அழகாக இல்லை என்று எதிர்வீட்டு அம்மாள் குறைபட்டாராம்.

எல்ம் நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. டச்சுக்காரர்கள் நோயைத் தாங்கும் மரத்தைத் தேடி உலகம் சுற்றியபோது, 1960-இல் ஹான்ஸ் ஹேப்ரூக் என்ற ஆய்வாளர் இமயமலைக்கு வந்தார். காஷ்மீரத்து மலைகளில் வளரும் இமயமலை எல்மை நெதர்லாந்து மரங்களோடு கலந்தார்கள். லோபெல், டோடோன்ஸ், கொலுமெல்லா என்று ஐரோப்பிய அறிஞர்களின் பெயர் சூட்டி வெளியிட்ட பல ரகங்களில் ஓடுவது அந்த இமயமலை ரத்தம். மலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடும் மரம் ஆம்ஸ்டர்டாம் தெருவுக்குக் காவல் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட அருகிலும் ஒன்று உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் என் தாத்தா ஊரில் ஏரிக்கரையில் ஆயா மரம் என்று ஒன்று நின்றது. ஆவி மரம் என்றும் சொல்வார்கள். இலையைக் கசக்கினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும், அப்படி ஒரு நாற்றம். கோடை தொடங்கும்போது இலையெல்லாம் உதிர்ந்த கிளைகளில் வட்ட வட்டமாகப் பச்சைக் காய்கள் கொத்தாகத் தொங்கும். காய்ந்ததும் சின்ன அப்பளம் மாதிரி ஆகிவிடும், நடுவில் ஒரு விதை. காற்றடித்தால் ஏரி வரை பறக்கும். அவற்றைப் பிடிக்க ஓடுவதுதான் பங்குனி, சித்திரை எங்களுக்கு. பிடித்ததை உரித்து விதையைத் தின்போம்.

சிகாகோப் பக்கத்தில் என் பெண் ஒரு புகைப்படத்தைக் காட்டி, வசந்தத்தில் அவள் வீட்டு எல்மிலிருந்து உதிர்ந்த விதை என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதே அப்பளம், அளவு மட்டும் சிறிது. ஆயா மரமும் எல்ம் குடும்பம்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1776-இல் மெட்ராஸுக்கு வந்து, பிறகு கம்பெனியின் தாவரவியலாளர் ஆன வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பதிவு செய்தபோது இதை எல்ம் என்றே சேர்த்தார். பின்னால் வந்த பிளாங்ஷோன் என்ற பிரெஞ்சுக்காரர் பிரித்து ஹோலோப்டெலியா என்று தனிப் பேரினம் ஆக்கினார். கிரேக்கத்தில் ப்டெலியா என்றாலும் எல்ம்தான். பிரித்தும் விடவில்லை அவர். இங்கிலீஷ் பாடத்தில் ஆண்டுக்கணக்காகக் கற்பனை செய்து பார்த்த மரத்தின் தங்கை, விடுமுறைக்கு விடுமுறை என் தலையில் விதை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

சரி, வேம்புக்கு வருவோம். காவலாளி ஒரு கருகிய கொழுந்தை ஒடித்து வந்து காட்டினார். தண்டில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், சில இடங்களில் பிசின் கசிந்து முத்துப்போல உறைந்திருந்தது. "முந்திரிக் கொல்லையில் இதைப் பார்த்திருக்கிறேன் அம்மா, கொசு மாதிரி ஒரு பூச்சி" என்றார். தேயிலைக் கொசு என்பது அதன் பெயர். கொசு இல்லை, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. தேயிலை, முந்திரி, வேம்பு மூன்றும் அதற்குப் பிடிக்கும். இளந்தண்டில் ஊசியைக் குத்தி உறிஞ்சும்போது அதன் எச்சில் உள்ளே போய்த் திசுவைக் கொல்கிறது. குத்திய புண் வழியாகப் பூஞ்சை நுழைந்தால் கருகல் இன்னும் கீழே இறங்கும். மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில்தான் அதன் ஆட்டம்.

வேம்பின் கசப்பு எத்தனையோ பூச்சிகளை விரட்டுகிறது. அதிலிருந்து எடுக்கும் அசாடிராக்டினைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். இந்த ஒரு பூச்சியிடம் அது செல்லவில்லை. உலகத்திலேயே பூச்சி வராத மரம் என்று நாம் பெருமை பேசும் மரத்தின் கதை இது. அதை வெட்டிவிட்டு வைப்பதற்குத்தான் பூச்சி வராத மரம் ஒன்று சொல்லச் சொல்கிறார்கள்.

நான் அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, இந்தக் கருகல் பெரும்பாலும் நுனியோடு நிற்கும், வெயில் ஏறினால் பூச்சி குறையும், பங்குனி வரை பொறுங்கள். இரண்டு, சுற்றுச்சுவரின் மறுபக்கம் காலியாக இருக்கும் மூன்று இடங்களில் மூன்று வேறு வேறு கன்றுகள் வைக்கலாம். ஒரு பூவரசு, ஒரு புங்கை, ஒரு மருதம். மூன்றும் ஆற்றங்கரை, ஏரிக்கரைப் பக்கம் வளர்ந்து பழகியவை. வெள்ளம் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணைத் தாங்கியவை, சிமெண்டுக்கு நடுவில் இறுகிப்போன நம் மண்ணையும் தாங்கும். ஆயா மரம் வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அதன் மகரந்தம் பலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும், மூன்றாம் மாடியில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆசையை விழுங்கிக்கொண்டேன்.

"புங்கையில் பூச்சி வருமா?" என்றார் செயலாளர்.

வரும். இலையெல்லாம் பரு பருவாகச் சிலந்திப்பேன் கொப்புளம் போடும், பார்க்கச் சகிக்காது, மரத்துக்கு ஒன்றும் ஆகாது. பூவரசு இலையைப் புழு சுருட்டும். மருதத்தை நான் வளர்த்ததில்லை, ஏதோ ஒன்று வராமலா போகும்? எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற பதினைந்து வீட்டுக்காரர்களும் என்னை ஏமாற்றமாகப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஆரம்பித்துப் புங்கை மரத்துக் கொப்புளத்தில் கொண்டுவந்து விட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

தீர்மானப் புத்தகத்தில் செயலாளர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'வேப்பமரம்: சித்திரை வரை ஒத்திவைப்பு. பூச்சி குறைவான கன்றுகள் மூன்று வாங்குவது.' 'வராத' என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு, மேலே 'குறைவான' என்று திருத்தியிருந்தார்.

மாசி கடைசியில் மரத்தின் கீழ்க்கிளைகளில் செம்பு நிறத்தில் தளிர் வந்தது. பங்குனியில் மேலேயும். உச்சியில் ஏழெட்டுக் குச்சிகள் மட்டும் காய்ந்து நின்றன, காவலாளி ஏணி வைத்து அவற்றைக் கழித்தார். மூன்று கன்றுகளில் புங்கையை ஆடு கடித்துவிட்டது. ஆட்டை எந்தப் பந்தியிலும் யாரும் சோதிக்கவில்லை.

நேற்றுக் காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். வேப்பமரத்தடியில் செயலாளரின் மனைவி பழைய புடவை ஒன்றை விரித்துக் கொண்டிருந்தார். இந்த முறை பூ தாமதம், ஆனால் நிறைய என்றார். வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் போக மீதியைக் காயவைத்து எனக்கும் ஒரு டப்பா தருவதாகச் சொன்னார். புடவையின் நடுவில் பூவோடு பூவாக ஒரு சிறிய பச்சைப் புழு ஊர்ந்து போனது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து, சுவரின் மேல் விட்டார்.